நின்று போன புரோகிராமை நாடி பிடித்துப் பார்க்கலாமா?

கம்ப்யூட்டரில் வேலை செய்து கொண்டிருக்கிறீர்கள். திடீரென புரோகிராம் அசையாமல் நின்று விடுகிறது. மவுஸைக் கிளிக் செய்தால் பலன் இல்லை. விண்டோ வெளுத்துப் போய், அதன் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது. உடனே நம்மில் பலர் செய்வது என்ன? பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து கம்ப்யூட்டரையே நிறுத்தி விடுகிறோம். மீண்டும் இயக்கினால் புரோகிராம் வருகிறது. ஆனால் அதுவரை டைப் செய்தது போயிருக்கும். சில வேளைகளில் டேட்டா பைலும் பாழாகி, அடுத்த முறை திறக்கவே மறுக்கும்.

சென்ற ஆண்டு நாமக்கல் அருகே ஒரு கோழிப்பண்ணை வீட்டில் இதுதான் நடந்து வந்தது. ஒவ்வொரு ஷெட்டிலும் எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம், எத்தனை கோழி இறந்தது, எந்த வியாபாரிக்கு எத்தனை அட்டை ஏற்றினோம் என்று எல்லாவற்றையும் ஒரு சிறிய கணக்கு புரோகிராமில் பதிந்து வந்தார்கள். முட்டை விலை அடிக்கடி மாறும் ஊர் அது. ஒரு நாள் கணக்கு போனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே குழம்பிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், மாலையில் கணக்கை சேவ் செய்யும்போது மட்டும் புரோகிராம் நின்று போனது. கணக்கு எழுதுபவர் போன் செய்தார். "ஏனுங்க, மறுபடியும் நின்னு போச்சுங்க. பட்டனை அமுக்கி ஆப் பண்ணிடட்டுங்களா?" "வேண்டாங்க, பத்து நிமிசம் பொறுங்க. நான் சொல்றதை மட்டும் டைப் பண்ணுங்க" என்றேன்.

அன்று போனில் சொன்ன கட்டளைகளைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்துக்களில்தான் டைப் செய்திட வேண்டும் என்பதை மறந்து விடாதீர்கள்.

கறுப்பு விண்டோவைத் திறப்போம்

கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஆர் கீயைத் தட்டுங்கள். ரன் என்ற சிறிய பெட்டி கிடைக்கும். அதில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துக்களை டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்பு நிறத்தில் ஒரு விண்டோ திறக்கும். இதுதான் கமாண்ட் பிராம்ப்ட். இன்னும் சிலர் இதை டாஸ் விண்டோ என்றே அழைக்கிறார்கள். பார்வைக்குப் பழைய டாஸ் போல இருந்தாலும் இது டாஸ் அல்ல. விண்டோஸ் தரும் ஒரு வசதிதான். இதில் மவுஸுக்கு வேலை குறைவு. கட்டளையை டைப் செய்து என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் கட்டளை டாஸ்க்லிஸ்ட். டி, ஏ, எஸ், கே, எல், ஐ, எஸ், டி என எட்டு எழுத்துக்களையும் இடைவெளி இன்றிச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அப்போது இயங்கும் எல்லாவற்றின் பட்டியலும் மளமளவென ஓடும். நீங்கள் திறந்தது இரண்டு மூன்று புரோகிராம்தான். பட்டியலிலோ நூற்றுக்கும் மேல் இருக்கும். பயப்பட வேண்டாம். வைரஸ் என்று எண்ணி எதையும் நிறுத்தியும் விடாதீர்கள். பெரும்பாலானவை விண்டோஸ் தன் வேலைக்காக இயக்கி வைத்திருப்பவை.

பட்டியலின் முதல் பத்தியில் புரோகிராமின் பைல் பெயரும், இரண்டாவது பத்தியில் பி.ஐ.டி. என்ற எண்ணும் இருக்கும். கடைசிப் பத்தி, அது எவ்வளவு மெமரியை எடுத்துக் கொண்டிருக்கிறது என்று காட்டும். நமக்கு வேண்டியது பி.ஐ.டி. எண். ஓடிக் கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண் இது. லாரி ஒவ்வொரு டிரிப் போகும்போதும் புது டிரிப் ஷீட் போடுவது போல, புரோகிராமை மூடித் திறந்தால் எண்ணும் மாறிவிடும். எனவே நேற்று குறித்து வைத்த எண்ணை இன்று பயன்படுத்தக் கூடாது. (விண்டோஸில் இந்த எண்கள் எல்லாமே நான்கால் வகுபடும். வேண்டுமானால் வகுத்துப் பாருங்கள்.)

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு சிறு தகவல். எக்ஸ்பி புரொபஷனல் பதிப்பில் டாஸ்க்லிஸ்ட் இருந்தது. வீட்டுக்கான ஹோம் பதிப்பில் தரப்படவில்லை. இப்போதைய விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும், ஹோம் பதிப்பு உட்பட, இது உள்ளது. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்றாலும் இந்தக் கட்டளைகள் அதில் வழக்கம்போல் இயங்கும்.

தூக்கமா, வேலையா?

இவ்வளவு நீளமான பட்டியலில் நின்று போன புரோகிராமை எப்படித் தேடுவது? அதற்கு ஒரு சல்லடை இருக்கிறது. இப்படி டைப் செய்யுங்கள்:

டாஸ்க்லிஸ்ட் /எப்ஐ "ஸ்டேட்டஸ் ஈக்யூ நாட் ரெஸ்பாண்டிங்"

டாஸ்க்லிஸ்ட் என்பதற்குப் பின் ஓர் இடைவெளி, சாய்கோடு, எப், ஐ என்ற இரண்டு எழுத்துக்கள், மீண்டும் ஓர் இடைவெளி. பிறகு இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் மற்ற சொற்கள். ஈக்யூ என்பது ஈ, க்யூ என்ற இரண்டு எழுத்துக்கள்தான். ஸ்டேட்டஸ் என்பதும் மற்ற இரண்டும் முழு ஆங்கிலச் சொற்கள். பதில் தராமல் நிற்கும் புரோகிராம்கள் மட்டும் இப்போது வரும். பண்ணை வீட்டில் ஒரே ஒரு வரி வந்தது. பார்ம்.இஎக்ஸ்இ, எண் 6348.

'நாட் ரெஸ்பாண்டிங்' என்றால் புரோகிராம் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. மவுஸ், கீபோர்டில் இருந்து வரும் செய்திகளைப் புரோகிராம் ஐந்து விநாடிகளுக்குமேல் எடுத்துப் பார்க்காமல் இருந்தால் விண்டோஸ் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடும். உள்ளே அது மும்முரமாக வேலை செய்து கொண்டிருக்கலாம். அல்லது எதற்கோ காத்துக் கிடக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதலாவது என்றால் நாம் பொறுத்திருந்தால் போதும். தானே முடித்துவிட்டு வரும். இரண்டாவது என்றால் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் இதை ஒன்றைத் தெரிந்து கொண்டாலே பாதி பிரச்னை தீரும்.

இதைக் கண்டறிய இந்தக் கட்டளை:

டாஸ்க்லிஸ்ட் /வி /எப்ஓ லிஸ்ட் /எப்ஐ "பிஐடி ஈக்யூ 6348"

வி என்பது விரிவாகக் காட்டு என்பதற்காக. எப்ஓ லிஸ்ட் என்பது பத்திகளாகக் காட்டாமல் ஒன்றன் கீழ் ஒன்றாகக் காட்டு என்பதற்காக. 6348 என்ற இடத்தில் உங்களுக்குக் கிடைத்த எண்ணை இடுங்கள். வருகிற விபரங்களில் சிபியு டைம் என்ற வரியைப் பாருங்கள். புரோகிராம் இதுவரை பிராசஸரை எவ்வளவு நேரம் பயன்படுத்தியது என்று மணி, நிமிடம், விநாடியாக அதில் இருக்கும். குறித்துக் கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கழித்து, கீபோர்டில் மேல் நோக்கிய அம்புக்குறி கீயைத் தட்டினால் அதே கட்டளை மீண்டும் வரும், என்டர் தட்டுங்கள். எண் கூடியிருந்தால் புரோகிராம் வேலை செய்கிறது. கூடவே இல்லை என்றால் அது கையைக் கட்டிக் கொண்டு காத்திருக்கிறது. (சிபியு டைம் நிமிடத்துக்கு அறுபது விநாடி வீதம் மணிக்கணக்கில் ஏறிக் கொண்டே இருந்தால், வேலை செய்வதாகத் தெரிந்தாலும் செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம்.)

பண்ணைக் கம்ப்யூட்டரில் இரண்டு முறையும் 0:00:07 என்றே வந்தது. ஆக, காத்திருக்கிறது. எதற்காக?

யாருக்காகக் காத்திருக்கிறது?

அதே கறுப்பு விண்டோவில் ஆர், இ, எஸ், எம், ஓ, என் என்ற ஆறு எழுத்துக்களைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டினால் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற விண்டோ திறக்கும். கம்ப்யூட்டருக்கான சோதனைக்கூடம் என்று இதைச் சொல்லலாம். விண்டோஸுடனேயே வருவதால் தனியே டவுண்லோட் செய்ய வேண்டியதில்லை. இதில் சிபியு டேப்பில் கிளிக் செய்தால் இயங்கும் புரோகிராம்களின் பட்டியல் தெரியும். பதில் தராதது சிவப்பு எழுத்தில் இருக்கும். அதன் மீது ரைட் கிளிக் செய்து, 'அனலைஸ் வெயிட் செயின்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7 தொடங்கி இந்த வசதி கிடைக்கிறது.

காத்திருப்புச் சங்கிலி என்று இதைத் தமிழில் கூறலாம். ஒரு புரோகிராம் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும். அது மூன்றாவதற்காக நிற்கும். சங்ககிரி பக்கம் ஒரு லாரி நின்றால் பின்னால் வரிசையாக எல்லாம் நிற்பது போலத்தான். கடைசியில் நிற்பவரைத் திட்டிப் பயனில்லை. முதலில் நிற்கும் வண்டி எது என்று பார்க்க வேண்டும். அதைத்தான் இந்தச் சிறு விண்டோ காட்டும். புரோகிராம் பிரிண்டருக்காக நிற்கிறதா, வேறொரு புரோகிராமுக்காகவா என்று பல நேரங்களில் இதிலேயே தெரிந்துவிடும். எப்போதும் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நமக்கு அன்று கிடைத்தது. புரோகிராம், நெட்வொர்க் வழியாக நடக்கும் பைல் பரிமாற்றம் முடிவதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது.

கோழிப்பண்ணைக் கணக்குக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன தொடர்பு? "வேற கம்ப்யூட்டர் எதுவும் சேர்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "மாடில தம்பியோட கம்ப்யூட்டர் இருக்குதுங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். அடுத்து நெட் யூஸ் என்ற கட்டளையைத் தரச் சொன்னேன். நெட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, யூஸ் என்ற சொல். மற்ற கம்ப்யூட்டர்களோடு இணைத்து வைத்த டிரைவ்களை இது பட்டியலிடும். இசட் டிரைவ் என்று ஒன்று இருந்தது. அதன் நிலை அன்அவைலபிள். புரோகிராமை அமைத்துத் தந்தவர், பாதுகாப்புக்காக ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் மாடிக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுக்கும்படி வைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் தம்பி கல்லூரி விடுதிக்குப் போன நாட்களில் மாடிக் கம்ப்யூட்டர் ஓடுவதில்லை. அந்த நாட்களில்தான் புரோகிராம் நின்றது.

மாடிக்கு ஆள் போய் அதை ஆன் செய்தார். சற்று நேரத்தில் வெளுத்திருந்த விண்டோ நிறம் பெற்று, கணக்கு சேவ் ஆகிவிட்டது. அன்றைய பதிவில் ஒரு வரி கூடப் போகவில்லை. இதற்கு முன் எத்தனை மாலைகளில் பட்டனை அமுக்கி, இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து மீண்டும் டைப் செய்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருந்தது. பிரதி எடுக்கும் இடத்தைச் சொந்தக் கம்ப்யூட்டரின் டி டிரைவுக்கு மாற்றினோம். வாரம் ஒருமுறை பென் டிரைவிலும் எடுத்து வைக்கச் சொல்லி இருக்கிறேன்.

படம் பிடித்து அனுப்புவது

எல்லா வேளையிலும் இப்படி நம்மாலேயே காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. புரோகிராமை எழுதியவர்தான் பார்க்க வேண்டியிருக்கும். அவரிடம் போய் "நின்னு போச்சு" என்றால் அவரும் என்னதான் செய்வார்? நின்ற நிலையிலேயே புரோகிராமைப் படம் பிடித்துத் தரலாம். எக்ஸ்ரே போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இதை மெமரி டம்ப் என்பார்கள்.

விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் டாக்டர் வாட்சன் என்ற கருவி இந்த வேலையைச் செய்தது. ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பரான டாக்டரின் பெயர். ஓடும் புரோகிராமின் எண்ணைத் தந்து கட்டளை கொடுத்தால், குறிப்பு எழுதிவிட்டு அந்தப் புரோகிராமையும் மூடிவிடுவார்! விஸ்டாவில் இருந்து இவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது பலரும் பயன்படுத்துவது பிராக்டம்ப் என்ற சிறிய புரோகிராம். இது சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் 1996ல் தொடங்கியது சிஸ்இன்டர்னல்ஸ். 2006ல் அவர்களின் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. கட்டணம் இல்லை. ஆனால் மைக்ரோசாப்ட் தளத்தில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்திடுங்கள். வேறு தளங்களில் இதே பெயரில் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

இறங்கும் ஸிப் பைலை விரித்து, சி டிரைவில் டூல்ஸ் என்ற போல்டரில் வையுங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. கறுப்பு விண்டோவில் சிடி என டைப் செய்து, ஓர் இடைவெளி, இடப்பக்கம் சாயும் கோடு, டூல்ஸ் என்று தந்து என்டர் தட்டி அந்த போல்டருக்குச் செல்லுங்கள். பின்னர்:

பிராக்டம்ப் -எம்ஏ 6348

முதல் முறை மட்டும் உரிம ஒப்பந்தம் ஒன்றைக் காட்டும். அக்ரீ என்பதில் கிளிக் செய்யுங்கள். படம் எடுக்கும் அந்த விநாடிகளில் புரோகிராம் உறைந்து நின்று, பின் விட்ட இடத்தில் இருந்து தொடரும். டாக்டர் வாட்சன் போல மூடிவிடாது. டம்ப் பைல், புரோகிராமின் பெயரும் தேதியும் நேரமும் சேர்ந்த பெயரில் அதே போல்டரில் கிடைக்கும். "அனுமதி இல்லை" என்று பிழைச் செய்தி வந்தால், ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்று தேடி, ரைட் கிளிக் செய்து, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் மூலம் கறுப்பு விண்டோவைத் திறந்து மீண்டும் முயலுங்கள்.

எப்போது நிற்கும் என்று தெரியாத புரோகிராமா? காத்திருந்து பிடிக்கவும் வழி உண்டு. எம்ஏ என்பதற்குப் பின் இடைவெளி விட்டு, சிறு கோடும் எச் எழுத்தும் சேர்த்து, பிறகு எண்ணைத் தாருங்கள். விண்டோ பதில் தராமல் போகும் கணத்தில் பிராக்டம்ப் தானாகவே படம் பிடித்துக் கொள்ளும். நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம். கறுப்பு விண்டோவை மட்டும் மூடிவிடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எம்ஏ என்பது புரோகிராமின் மெமரி முழுவதையும் எடுக்கும். திரையில் தெரிவது மட்டுமல்ல, அந்த நேரத்தில் அந்தப் புரோகிராம் நினைவில் வைத்திருந்த வாடிக்கையாளர் பெயர், போன் எண், பாஸ்வேர்ட் எல்லாம் அதில் இருக்கலாம். எனவே புரோகிராமை எழுதியவர் கேட்டால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "யாராவது பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பதற்கான பைல் அல்ல இது. பிரவுசரில் பேங்க் தளத்தைத் திறந்து வைத்துக் கொண்டு பிரவுசரை டம்ப் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் டம்ப் பைலை அழித்துவிடுங்கள். இடத்தையும் நிறைய அடைக்கும். பாஸ்வேர்ட் திருடர்களும் பிராக்டம்ப்பைப் பயன்படுத்துவதால் சில ஆன்டி வைரஸ் புரோகிராம்கள் இதைப் பார்த்துக் கூச்சல் போடலாம்.

கறுப்பு விண்டோ பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைக் குறிவைத்து, "மைக்ரோசாப்ட்டில் இருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று போன் செய்யும் கூட்டம் உலகம் முழுக்க உண்டு. அவர்களும் இதே விண்டோவைத்தான் திறக்கச் சொல்வார்கள். அசோக் என்று ஒலிக்கும் ஒரு கட்டளையைத் தரச் சொல்லி (ஏ, எஸ், எஸ், ஓ, சி), பட்டியலின் கடைசியில் வரும் 888 எனத் தொடங்கும் நீண்ட எண்ணைப் படித்துக் காட்டி, "பாருங்கள், உங்கள் கம்ப்யூட்டரின் எண் எங்களிடம் இருக்கிறது" என்பார்கள். அந்த எண் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றேதான்! நாம் கேட்காமல் மைக்ரோசாப்ட் போன் செய்வதில்லை. பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால்

எவ்வளவு பொறுத்தும் பலன் இல்லை. மூடியே தீர வேண்டும் என்ற நிலையிலும் பவர் பட்டன் வேண்டாம். அந்த ஒரு புரோகிராமை மட்டும் மூடலாம். கட்டளை: டாஸ்க்கில் /பிஐடி 6348. டாஸ்க், கில் என்ற இரு சொற்களும் சேர்ந்தே இருக்க வேண்டும். இப்படித் தந்தால் விண்டோஸ் அந்தப் புரோகிராமிடம் "மூடிக் கொள்" என்று கேட்கும். கேட்கும் நிலையில் அது இருந்தால் சேவ் செய்யவா என்று நம்மிடம் கேட்டுவிட்டு மூடும். அதற்கும் அசையாவிட்டால் இறுதியில் இடைவெளி விட்டு /எப் சேர்த்துத் தாருங்கள். இது கேள்வி கேட்காமல் முடித்துவிடும். சேவ் செய்யாதது போய்விடும். ஆனால் மற்ற புரோகிராம்களும் விண்டோஸும் பத்திரமாக இருக்கும்.

இதைக் கணக்கு புரோகிராமில் பழகிப் பார்க்காதீர்கள். பெயின்ட் புரோகிராமைத் திறந்து கோணல்மாணலாக ஒரு கோடு வரையுங்கள். டாஸ்க்லிஸ்ட் தந்து எம்எஸ்பெயின்ட்.இஎக்ஸ்இ என்ற பெயரையும் அதன் எண்ணையும் தேடுங்கள். முதலில் /எப் இல்லாமல் டாஸ்க்கில் தந்து பாருங்கள். படத்தை சேவ் செய்யவா என்று பெயின்ட் கேட்கும். கேன்சல் செய்துவிட்டு, /எப் சேர்த்து மீண்டும் தாருங்கள். விண்டோ, கோடு இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போகும்.